கப்பலுக்குப் பிறகு வந்த ஆட்டம்

எனக்குப் பதினாறு வயதானபோது எங்கள் வீட்டில் ஒரே ஒரு சண்டைதான் நடந்துகொண்டிருந்தது. காலையில் காப்பியோடு தொடங்கும். நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் இடைவேளை. சாயங்காலம் விட்ட இடத்திலிருந்து தொடரும். மாநிலப் பெண்கள் ஹாக்கி அணியில் என்னைச் சேர்த்திருந்தார்கள். வடக்கே ஒரு போட்டி. ரயிலில் போய், மூன்று வாரம் தங்கி, விளையாடிவிட்டு வர வேண்டும். போவேன் என்றேன் நான். போகக் கூடாது என்றாள் அம்மா.

அப்பா நடுநிலை வகித்தார் என்று எழுத ஆசைதான். அவர் கடையில் இருந்தார், அவ்வளவுதான். தி.நகரில் எங்களுக்குப் பாத்திரக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டு, அப்புறம் ஊருக்குப் போய் அம்மாவைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தவர். கடைக்கு வருகிறவர்களிடம் அரை மணி நேரம் பேரம் பேசுவார், வீட்டில் எதைக் கேட்டாலும் "உங்கம்மாட்ட கேளு" என்று ஒரே விலையாகச் சொல்லிவிடுவார்.

என்னை மயிலாப்பூரில் அயர்லாந்து சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர்த்தது மட்டும் அவருடைய யோசனை. வீட்டில் ஒருவருக்காவது இங்கிலீஷ் தெரிய வேண்டும் என்று நினைத்தார். இங்கிலீஷோடு ஹாக்கியும் சேர்ந்து வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அம்மா முதலில் ஹாக்கியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னவோ ஓடுகிறார்கள், ஓடட்டும் என்று இருந்தாள். ஆட்டத்துக்குப் போடுகிற பாவாடையை மட்டும் தையல் பிரித்து முழங்காலுக்குக் கீழே இறக்கித் தைத்துத் தருவாள். நான் லஸ்ஸில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதை இடுப்பில் மடித்துச் செருகி மேலே ஏற்றிக்கொள்வேன். திரும்பும்போது இறக்கிவிடுவேன். மடிப்புத் தடம் துணியில் கோடு போட்ட மாதிரி தெரியும். அம்மா அதைத் துவைக்கும்போது பார்த்திருப்பாள். ஒன்றும் கேட்டதில்லை.

வடக்கே போகிற பேச்சு வந்ததும்தான் மாறினாள். கறுத்துப்போவாய் என்றாள். ஏற்கெனவே கறுப்புதானே என்றேன். சோறு கிடைக்காது என்றாள். ரொட்டி தின்பேன் என்றேன். முட்டி உடைந்தால் எவன் கட்டிக்கொள்வான் என்றாள். முட்டியைக் காட்டியா கல்யாணம் பண்ணுவார்கள் என்றேன். அதற்கு ஒரு அடி விழுந்தது. எனக்கு வாய் நீளம், இன்றைக்கும் குறையவில்லை.

ஒரு நாள் அரிசி புடைத்துக்கொண்டே நிஜமான காரணத்தைச் சொன்னாள். "ஒரு தடவை போயிட்டா கால் பழகிரும்ட்டி. பெறவு இங்கன தரிக்காது."

எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது.

தேர்வான பெண்ணின் தாயார் நேரில் வந்து, அனுப்புகிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் பள்ளிக்கூடம் ரயில் ஏற்றும். அது சிஸ்டர்களின் வழக்கம். என்னோடு தேர்வாகியிருந்த தோழியின் அம்மா வந்து சொல்லிவிட்டாள். என்னுடைய அம்மா மட்டும் பாக்கி. எங்களுக்குக் கணக்குப் பாடம் எடுத்த சிஸ்டர்தான் இந்த வேலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலில் தக்காளியாய்ச் சிவக்கும் முகம், மூக்கு முழுக்கப் புள்ளிகள். "உன் அம்மா எப்போது?" என்று தினமும் கேட்பார். நான் தினமும் காய்ச்சல், விருந்தாளி, வெள்ளிக்கிழமை என்று ஏதாவது சொல்வேன்.

அந்தச் சமயத்தில் சிஸ்டருக்கு அவருடைய ஊர்ப் படம் ஒன்று கிடைத்தது. அயர்லாந்தில் ஹாக்கி மாதிரியே ஓர் ஆட்டம் உண்டாம், ஹர்லிங் என்று பெயர். அதை ஆடுகிற ஒரு பையனின் கதை. சிஸ்டரும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. ஆட்டத்தைப் பற்றிய படம்தானே, தாய்மார்கள் பார்த்தால் மனம் இளகும் என்று அவராகக் கணக்குப் போட்டு, சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட ஹாலில் எல்லா அம்மாக்களும் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். கணக்கு டீச்சருக்கே கணக்கு தப்பியது அந்த ஒரு தடவைதான்.

இலவசமாகச் சினிமா என்றதும் அம்மா உடனே கிளம்பிவிட்டாள்.

ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். உள்ளே புழுக்கம், மல்லிகைப்பூ வாசனை, பெஞ்சு பெஞ்சாக அம்மாக்கள். பள்ளிக்கூட அட்டெண்டர்தான் புரொஜெக்டர் ஓட்டினார். படம் நான்கு தகர டப்பாக்களில் வந்திருந்தது. ஒரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்ததை மாட்டி, மறுபடி அணைப்பார். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காதில் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

அது லேசான வேலை இல்லை. அயர்லாந்து சிஸ்டர்களிடமே இத்தனை வருஷம் படித்தும் அந்தப் படத்தில் பேசியது எனக்குப் பாதிதான் விளங்கியது.

"என்னட்டி சொல்லுதான்?"

"மழை வரும்னு சொல்றான்மா."

"அதான் பெய்யுதுல்லா."

அந்தப் படத்தில் எப்போதும் மழை பெய்தது. கல் சுவர், பச்சைப் புல், நாலைந்து மாடு, ஒரு விதவைத் தாய், அவளுக்கு ஒரே பையன். என் வயசுதான் இருக்கும். மட்டை ஹாக்கி மட்டை மாதிரி வளைந்திருக்கவில்லை, நுனி அகலமாகத் தட்டையாக இருந்தது. "தோசைத் திருப்பி மாதிரில்லா இருக்கு" என்றாள் அம்மா. பாத்திரக் கடைக்காரர் பெண்சாதிக்கு வேறெப்படித் தோன்றும். அவன் அந்த மட்டையின் நுனியில் பந்தை நிறுத்திக்கொண்டு கீழே விழாமல் ஓடினான். மாட்டை ஓட்டிப் போகும்போதும் ஓடினான், பள்ளிக்கூடம் போகும்போதும் ஓடினான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது.

அக்கரைச் சீமையில் இருக்கும் மாமா கப்பல் டிக்கெட் அனுப்புகிறார். இங்கே பிழைப்பு இல்லை, அங்கே வந்து வேலை பார் என்கிறார். பையனுக்கோ ஊர் அணியில் ஒரு பெரிய ஆட்டம் ஆட வேண்டும். தாய் ஒன்றும் பேசாமல் அவனுக்குப் புதுச் சட்டை தைக்கிறாள். இதற்குள் இரண்டு ரீல் முடிந்தது. "அவளும் பாவம், ஒத்தையில மாடு பாக்கா" என்று அம்மா எனக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். என் மொழிபெயர்ப்பு அவளுக்குத் தேவைப்படவில்லை.

மூன்றாவது ரீலில் திடீரென்று வீட்டில் கூட்டம். ஊரே கூடி ஒருவன் பிடில் வாசிக்கிறான், எல்லாரும் ஆடுகிறார்கள், ஆடிக்கொண்டே அழுகிறார்கள். காலையில் பையன் பெட்டியைத் தூக்குகிறான். துறைமுகத்தில் தாய் கரையில் நிற்கிறாள். அவள் முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கப்பல் சிறுத்துக்கொண்டே போகிறது. ஹாலில் மூக்கு உறிஞ்சும் சத்தம் நாலாபக்கமும் கேட்டது. சுவரோரம் உட்கார்ந்திருந்த சிஸ்டர் அப்போது எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். எல்லாருக்கும் காப்பி கொண்டுவரச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

திரை வெள்ளையானது. விளக்கைப் போட்டார்கள். அம்மாக்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். அட்டெண்டர் மிச்சமிருந்த டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னாம்மா அல்லாரும் கெளம்பிகினு கீறீங்க? குந்துங்கம்மா, இன்னொரு ரீலு கீது!"

எல்லாரும் மறுபடி உட்கார்ந்தோம். நான்காவது ரீலில் ஆட்டம் வந்தது. அது ஆட்டமா, கலவரமா என்று சொல்ல முடியாது. சேற்றில் முப்பது பேர் மட்டையை வீசிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் பையன் நடுவில். அவனுடைய தாய் கோட்டோரமாக நனைந்துகொண்டு நின்று கத்துகிறாள். ஒருத்தன் மட்டை பையனின் நெற்றியில் பட்டு ரத்தம் கொட்டுகிறது. துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு மறுபடி ஓடுகிறான். அம்மா முன் பெஞ்சின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஓடுலே! ஓடு, ஓடு!" என்று கத்தினாள். எங்கள் அம்மா! பாவாடையை முழங்காலுக்குக் கீழே இறக்கித் தைக்கிற அம்மா! முன் பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்தாள். அதைப் பற்றி அம்மாவுக்குக் கவலையே இல்லை. பையன் அடித்த பந்து உள்ளே போனது, ஊர் அவனைத் தோளில் தூக்கியது, அதோடு படம் பட்டென்று அறுந்துபோய் முடிந்தது.

வாசலில் ஒரே சந்தோஷம். தோழியின் அம்மா, மயிலாப்பூர் மாங்கொல்லைப் பக்கத்துக்காரி, எங்களைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தேளா மாமி, போன பிள்ளை எவ்வளவு ஜோரா திரும்பி வந்துடுத்து! எனக்கு அப்பவே தெரியும். அழ விட்டுண்டு அப்படியே படத்தை முடிப்பாளோ? எங்காத்துல சொன்னா நம்பவே மாட்டா."

எல்லா அம்மாக்களும் அதைத்தான் சொன்னார்கள். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. எப்படி வரும்? நாங்கள் பார்த்த படங்களிலெல்லாம் இடைவேளையில் பிரிந்தவன் கடைசியில் வந்து சேராமல் திரையில் வணக்கம் போட்டதே கிடையாது. கப்பலேறினான், வந்தான், ஜெயித்தான். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. போனவன் திரும்பி வருவான், வந்து தாய் முன்னாலேயே ஜெயிப்பான் என்று ஒரு படமே எனக்காகப் பேசிவிட்டது. இனி அம்மாவுக்கு என்ன வாய் இருக்கிறது?

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பேசாமல் வந்தாள். பழுக்கிற பழத்தைத் தொட்டுப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன்.

அன்றைக்கு அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "படம் எப்படி?" என்று கேட்டார். அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டு கதை சொன்னாள். தாயும் பிள்ளையும் இருந்தார்கள், மாமா டிக்கெட் அனுப்பினான், பையன் ஊருக்காக ஓர் ஆட்டம் ஆடி ஜெயித்தான், அப்புறம் கப்பலேறிப் போய்விட்டான்.

"யம்மா!" என்று நான் எழுந்தேவிட்டேன். "தப்பா சொல்றே. கப்பல் முன்னால. போயிட்டுத் திரும்பி வந்துதான் ஆட்டம் ஆடினான்."

"கப்பல்ல நிக்கயில நெத்தியில கட்டுப் போட்டிருந்தாம்லா? நீ பாக்கலையா?"

நான் பார்க்கவில்லை. நான் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடிபட்டது ஆட்டத்துல. அப்போ எது முந்தி, எது பிந்தி? அந்த ஆளு டப்பாவ மாத்தி மாட்டிட்டான். இல்லைன்னா அதுக்கு முந்தி போட்டவுக மாத்தி வச்சிருக்கணும்." அப்பாவின் இலையில் அப்பளம் வைத்தாள். "போனவன் போனவன்தான். வரலை."

"உங்கம்மா குடத்துல ஈயம் வச்சு அடைச்ச ஓட்டையவே நாலடி தள்ளி நின்னு கண்டுபிடிப்பா" என்று அப்பா பெருமையாகச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹால் நிறைய அம்மாக்கள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் தோன்றாதது இவள் ஒருத்திக்கு ஏன் தோன்ற வேண்டும்? கொஞ்சம் மக்காக இருந்தால்தான் என்ன? பெற்றவள் புத்திசாலியாக இருப்பதைவிடப் பெரிய தொல்லை ஒரு பெண்ணுக்குக் கிடையாது என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். என் கட்சிக்கு வந்த ஒரே சாட்சி, நான் பிறழச் சொல்லாமலே பிறழ்ந்துவிட்டது. போனவன் வரவில்லை. இனி அம்மா அசைய மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் பேசவில்லை. அம்மாவும் அதைக் கண்டுகொள்ளவில்லை. திங்கட்கிழமை காலையில் பார்த்தால் அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"சிஸ்டரம்மாட்ட ஒரு சங்கதி கேக்கணும். நீ இங்கிலீஷ்ல சொல்லு."

மாட்டேன் என்பதை நேரில் சொல்லிவிட்டு வரப் போகிறாள் என்று புரிந்துகொண்டேன். அதையும் என் வாயாலேயே சொல்ல வைக்கப் போகிறாள். அம்மாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை.

பார்வையாளர் அறையில் சிஸ்டர் எங்களை உட்காரவைத்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் "உட்காருங்க", "நல்லது", "சத்தம் போடாதே" இவ்வளவுதான். முதல் இரண்டையும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரீலு மாறிட்டுன்னு சொல்லு" என்றாள் அம்மா.

சொன்னேன். சிஸ்டர் கழுத்துவரை சிவந்துபோனார். கடைசி ரீலுக்குத் திரும்ப வந்தபோதுதான் அவருக்கே தெரிந்ததாம். எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தபோது எழுந்து நின்று அதைச் சொல்ல மனம் வரவில்லையாம்.

"அவன் அம்மா எதுக்கு அழலைன்னு கேளு. கரையில நிக்கா, ஒரு சொட்டு வரலை."

சிஸ்டர் சொன்னார். எங்கள் பக்கம் கப்பலேறுகிறவனுக்கு முதல் நாள் ராத்திரியே எல்லாரும் கூடி அழுது முடித்துவிடுவார்கள், செத்தவர்களுக்கு விழித்திருப்பது மாதிரி. ஏனென்றால் போகிறவர்கள் அநேகமாகத் திரும்பி வருவதில்லை. காலையில் அழுவதற்கு மிச்சம் இருக்காது.

அம்மா தலையாட்டிக்கொண்டாள். அப்புறம், "சிஸ்டரம்மா வந்தப்ப அவுக அம்மா அழுதாகளா?" என்றாள்.

இதைக் கேட்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. சிஸ்டர்களுக்கு அம்மா உண்டு என்றே அதுவரைக்கும் நான் நினைத்ததில்லை. அம்மா என் முழங்கையை இடித்தாள். கேட்டேன்.

சிஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். கிளம்பும்போது எனக்குப் பதினெட்டு வயது. அம்மா அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் போய்வருகிறேன் என்றேன். அவள் திரும்பவில்லை. ரொட்டி கருகிவிடும் என்றாள்.

"பெறவு எப்பப் பாத்தாக?"

மொழிபெயர்க்கிறவளுக்கு ஒரு கஷ்டம் உண்டு, அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிராளி சொல்கிற "நான்" என்பதை நாமும் "நான்" என்றே சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் எங்களை ஊருக்கு அனுப்ப மாட்டார்கள், அப்படி ஒரு விதி இருந்தது என்றார் சிஸ்டர். தன்னுடைய அம்மா போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று என்றார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்து, "நான் அதுக்கப்புறம் எங்கம்மாவைப் பார்க்கவே இல்லை" என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா அழவில்லை. எழுந்து போய் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர்களை யாரும் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை. பிடித்த கையை விடாமல் அம்மா பேசினாள், என்னைப் பார்க்காமல், சிஸ்டருக்குத் தமிழ் தெரியும் என்பது போல.

"எங்கம்மாவும் ரயிலடிக்கு வரலை, சிஸ்டரம்மா. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்னுட்டா. அவ செத்த சேதி வந்து நான் போய்ச் சேரதுக்குள்ள எடுத்துட்டாக. என்னைய அனுப்பயில இவ திரும்பி வருவாளான்னு ஒருத்தரும் கேக்கலை. அனுப்புனா அனுப்புனதுதான். எங்கம்மாவ அனுப்பயிலயும் அப்படித்தான். எங்க வகையில பொம்பளப் பிள்ளைக்குத் திரும்பி வாரதுக்கும் சேத்து டிக்கெட் எடுத்து அனுப்புதது இதுதான் மொத தடவை. நான் எதுக்கு மறிக்கேன்? போயிட்டு வரட்டும்."

சிஸ்டர் அம்மாவின் கையை விடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் எங்கேயோ போய்விட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். "சரி என்கிறாள், சிஸ்டர்" என்றேன்.

அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"நான் சொன்னதை முழுக்கச் சொல்லிட்டியாட்டி?"

"சொல்லிட்டேம்மா."

"இங்கிலீஷ்ல ரொம்பச் சின்னதால்லா இருக்கு" என்றாள்.